சேரும் முன்பே முடிவாகிவிடும் வேலை

மார்ச் கடைசியில் அமெரிக்க பிசினஸ் ஸ்கூல்களின் இரண்டாம் சுற்று முடிவுகள் வந்துவிடும். ஏப்ரல், மே மாதங்களில் ஐஐஎம்-களின் இறுதிப் பட்டியல். இரண்டு மூன்று இடங்களில் அனுமதி கிடைத்த பிள்ளை இருக்கும் வீட்டில் அந்த வாரங்களில் பேச்சு ஒரே தடத்தில்தான் ஓடும்: எதன் ரேங்க் மேலே, எங்கே சராசரிச் சம்பளம் அதிகம், மாமா பையன் எங்கே படித்தான். படித்து முடித்து என்ன செய்வதாக உத்தேசம் என்று கேட்டால், "கன்சல்டிங், இல்லாட்டி பேங்கிங்" என்று பதில் வரும். ஒரே கடையில் அடுத்தடுத்த தட்டில் இருக்கும் சரக்கைப் போல இரண்டையும் சொல்லிவிடுகிறார்கள்.

ஆனால் ஆள் எடுக்கும் முறை, எடுக்கும் ஊர், எடுத்த பிறகு வாங்கும் வேலை எல்லாமே இரண்டிலும் வேறு. ஏதாவது ஒன்றைத் தீர்மானமாகப் பிடித்துக்கொண்டவருக்குப் பள்ளித் தேர்வு அவ்வளவு கடினமில்லை. இரண்டுக்கும் நடுவே நிற்பவருக்குத்தான் சிக்கல். பள்ளியைத் தேர்ந்த அன்றே இரண்டில் ஒன்றை அவர் பாதி கைவிட்டிருப்பார். அது தெரியவருவது சேர்ந்து இரண்டு மாதம் கழித்து. இங்கே பேங்கிங் என்று சொல்வது கிளை வங்கி வேலையை அல்ல. நிறுவனங்களை வாங்குவதற்கும் விற்பதற்கும், பங்கு வெளியிடுவதற்கும், கடன் பத்திரம் மூலம் பணம் திரட்டுவதற்கும் துணைநின்று கட்டணம் வாங்கும் இன்வெஸ்ட்மென்ட் பேங்கிங்கை.

ஒரு சட்டம் பிரித்த தொழில்கள்

இந்த இரண்டு தொழில்களும் இன்று ஒரே வளாகத்தில் வந்து ஒரே மாணவனுக்காக மோதிக்கொள்வதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. அமெரிக்காவில் பல்கலைக்கழகம் சார்ந்த முதல் வணிகப் பள்ளியான வார்ட்டன் 1881-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. பட்டமேற்படிப்பாக வணிகத்தைச் சொல்லித்தரும் டக் பள்ளி 1900-ல் டார்ட்மத்தில் வந்தது. எம்பிஏ என்ற பட்டம் 1908-ல் தொடங்கிய ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூலோடு பிறந்தது. அப்போதெல்லாம் ஒரு நிறுவனம் தன்னைச் சீரமைக்க யோசனை கேட்டுப் போகும் இடம் வங்கியாளரின் அலுவலகம்தான். பணம் திரட்டித் தருபவரே நிர்வாகம் எப்படி இருக்க வேண்டும் என்பதையும் சொல்வார்.

1933-ல் வந்த கிளாஸ்-ஸ்டீகல் சட்டமும் அதை ஒட்டிய பங்குச் சந்தைச் சட்டங்களும் இந்த ஏற்பாட்டைக் கலைத்தன. வைப்புநிதி வாங்கும் வங்கி தனி, பங்கு விற்கும் வங்கி தனி என்றாயிற்று. வங்கியாளர்கள் விட்டுச்சென்ற ஆலோசனை வேலையைப் பிடித்துக்கொண்டவர்கள்தான் மேனேஜ்மென்ட் கன்சல்டன்ட்கள் என்று வரலாற்றாசிரியர் கிறிஸ்டோஃபர் மெக்கென்னா வாதிடுகிறார். சிகாகோவில் கணக்கியல் பேராசிரியராக இருந்த ஜேம்ஸ் மெக்கின்சி 1926-ல் தொடங்கிய நிறுவனம் உட்படப் பலவும் இந்த வெற்றிடத்தில்தான் வளர்ந்தன. மெக்கின்சியைப் பின்னாளில் வழிநடத்திய மார்வின் போவர் காலத்தில் இன்னொரு மாற்றம் நடந்தது. தொழிலில் நரைத்த அனுபவசாலிகளை எடுப்பதை விட்டு, 1950-களில் ஹார்வர்ட் எம்பிஏ இளைஞர்களை நேரடியாக எடுக்கத் தொடங்கினார்கள். 1963-ல் பாஸ்டன் கன்சல்டிங் குரூப், 1973-ல் பெய்ன் என்று போட்டியாளர்கள் வந்தபோது அவர்களும் அதே வழியில் போனார்கள். 1980-களில் நிறுவனங்களை வாங்கி விற்கும் வேகம் கூடியதும் வால் ஸ்ட்ரீட்டும் அதே வளாகங்களுக்கு ஆள் தேடி வந்தது.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. பிசினஸ் ஸ்கூல் கன்சல்டன்ட்டையோ வங்கியாளரையோ உருவாக்குகிறது என்ற எண்ணம் பாதிதான் சரி. கன்சல்டிங் நிறுவனங்கள் தங்களுக்கு அனுபவம் தேவையில்லை, வடிகட்டிய மூளை போதும் என்று முடிவுசெய்த நாளிலிருந்து பள்ளியின் முதல் வேலை வடிகட்டுவதாகிவிட்டது. லாரன் ரிவேரா என்ற சமூகவியலாளர் உயர்மட்ட வங்கிகள், கன்சல்டிங் நிறுவனங்கள், சட்ட நிறுவனங்கள் ஆள் எடுக்கும் விதத்தை உள்ளிருந்து ஆராய்ந்து 2015-ல் ஒரு நூல் வெளியிட்டார். அங்கே பள்ளிகள் முன்கூட்டியே தரம் பிரித்து வைக்கப்பட்டிருக்கின்றன. முதல் அடுக்குப் பள்ளிகளுக்கு ஆட்கள் நேரில் போவார்கள். இரண்டாம் அடுக்கிலிருந்து குறைவாக எடுப்பார்கள். பட்டியலுக்கு வெளியே இருந்து வரும் விண்ணப்பத்தை உள்ளே தெரிந்தவர் தள்ளிவிட்டால் ஒழியப் படிப்பதேயில்லை. அந்தப் பள்ளியில் என்ன கற்றான் என்பதை விட, அங்கே இடம் பிடித்தான் என்பதைத்தான் அவர்கள் பார்க்கிறார்கள் என்பது அவரது முடிவு. ரிவேரா பணிபுரிவதும் கெலாக் என்ற பிசினஸ் ஸ்கூலில்தான் என்பதை நினைத்தால் அந்த முடிவுக்கு ஒரு தனி எடை வருகிறது.

ஆகஸ்ட் முதல் ஜனவரி வரை

இரண்டாண்டு அமெரிக்க எம்பிஏ ஆகஸ்டில் தொடங்குகிறது. செப்டம்பரிலேயே வங்கிகள் வந்து தங்களைப் பற்றிப் பேசும். சில வங்கிகளும் கன்சல்டிங் நிறுவனங்களும் வகுப்பு தொடங்கும் முன்பே கோடையில் தனி முகாம் நடத்தி ஆட்களை அடையாளம் கண்டுகொள்கின்றன. ஆண்டின் இறுதிக்குள் விண்ணப்பம், ஜனவரியில் நேர்காணல், அந்த மாதம் முடிவதற்குள் கோடைக்கால இன்டர்ன்ஷிப்புக்கு ஆஃபர். பத்து வாரம் போல நீளும் அந்த இன்டர்ன்ஷிப்பின் முடிவில் நிரந்தர வேலைக்கான அழைப்பு. அதாவது இரண்டு வருடப் படிப்பின் பலன் முதல் ஐந்து மாதத்திலேயே ஏறக்குறைய தீர்ந்துவிடுகிறது. நிதியியலில் முதல் பாடத்தை முடிப்பதற்குள் ஒரு நிறுவனத்தை மதிப்பிடத் தெரியும் என்று நேர்காணலில் நிரூபிக்க வேண்டியிருக்கும்.

வங்கிக்குப் போக விரும்புபவரின் இலையுதிர்காலம் முழுக்க ஆட்களைச் சந்திப்பதில் போகும். நிறுவனப் பேச்சு முடிந்ததும் அரங்கில் ஒவ்வொரு வங்கியாளரைச் சுற்றியும் ஏழெட்டு மாணவர்கள் வட்டம் போட்டு நிற்பார்கள். வட்டத்துக்குள் நுழைவது, ஒரு கேள்வி கேட்பது, மற்றவரை மிதிக்காமல் பேசுவது, மறுநாள் நன்றி மின்னஞ்சல் அனுப்புவது எல்லாமே கவனிக்கப்படும். அப்புறம் அலுவலகத்துக்கே போய் ஒருவரோடு காபி குடித்துப் பேச வேண்டும். இப்படிப் பத்துப் பதினைந்து பேர், ஐந்தாறு வங்கிகள். யாரோடு பேசினாய் என்ற கணக்கை வங்கியே வைத்திருக்கும். இந்தச் சடங்கில் இடம் முக்கியமாகிறது. கொலம்பியாவிலோ நியூயார்க் பல்கலைக்கழகத்தின் ஸ்டெர்னிலோ படிப்பவர் மதியம் சப்வே ஏறிப் போய் மாலை வகுப்புக்குத் திரும்பிவிடலாம். ஹானோவர் என்ற சிற்றூரில் இருக்கும் டக் மாணவருக்கு நியூயார்க் நான்கைந்து மணி நேரக் கார்ப் பயணம். டக்கிலிருந்து வங்கிக்குப் போகவே முடியாது என்பதல்ல. அங்கே ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிடும் சிறிய வகுப்பும், பழைய மாணவர் தொலைபேசியை எடுக்கும் பழக்கமும் அந்தத் தூரத்தைப் பெருமளவு ஈடுகட்டுகின்றன. ஆனால் இரண்டையும் முயன்று பார்க்க நினைப்பவருக்கு நேரம்தான் முதலில் தீரும்.

கன்சல்டிங்குக்கு வேறு தவம். அங்கே கேஸ் இன்டர்வியூ: ஒரு பிஸ்கட் கம்பெனியின் லாபம் ஏன் குறைந்தது என்று கேட்பார்கள், பிரித்துப் பிரித்து யோசித்து, மனக்கணக்குப் போட்டு, அரைமணி நேரத்தில் ஒரு பரிந்துரை சொல்ல வேண்டும். தனியாகப் படித்து இதைக் கற்க முடியாது. உட்கார்ந்து கேஸ் கொடுக்க ஒருவர் வேண்டும். அவருக்கு நாமும் கொடுக்க வேண்டும். வார்ட்டன், கெலாக் மாணவர் கிளப்புகள் தொகுத்த கேஸ்புக்குகள் உலகம் முழுக்கச் சுற்றுவதால் பாடத்துக்குப் பஞ்சமில்லை. தரமான பயிற்சித் துணைக்குத்தான் பஞ்சம். ஆகவே வகுப்பில் கன்சல்டிங்கிலிருந்தே வந்தவர்கள் எத்தனை பேர், ஒத்துழைக்கும் பழக்கம் அந்தப் பள்ளியில் இருக்கிறதா என்பது ரேங்கை விட முக்கியம். குழுவாக வேலை செய்வதற்குப் பெயர்பெற்ற கெலாக்கிலிருந்து பெரும்பங்கினர் கன்சல்டிங்குக்குப் போவதில் வியப்பில்லை. 2020-க்குப் பிறகு முதல் சுற்று நேர்காணல்கள் பெரும்பாலும் திரை வழியே நடப்பதால், கன்சல்டிங்கில் வளாகம் எங்கே இருக்கிறது என்பதன் எடை இன்னும் குறைந்திருக்கிறது.

இரண்டுக்கும் ஒரே நேரத்தில் தயாராக முடியுமா? முடியும், சிலர் செய்திருக்கிறார்கள். ஆனால் வங்கி "ஏன் பேங்கிங்?" என்று கேட்கும்போது தடுமாறாத பதிலை எதிர்பார்க்கிறது, தன்னை இரண்டாம் விருப்பமாக வைத்திருப்பவரை ஐந்தாவது காபியில் கண்டுபிடித்துவிடுகிறது. கன்சல்டிங் இதில் கொஞ்சம் தாராளம். கேஸைத் தீர்க்கிறாயா என்பதே அதன் பெரிய கவலை. என் பார்வையில், நடுவே நிற்பவர் அக்டோபர் வரை வங்கிப் பக்கம் முழுமூச்சாகப் போய்விட்டு, பிடிக்கவில்லை என்றால் நவம்பரில் கேஸுக்குத் திரும்புவது நடக்கக்கூடியது. எதிர்த்திசையில் போவது ஏறக்குறைய முடியாது.

ஓராண்டுப் படிப்பு எடுக்கும் மறைமுக முடிவு

இதிலிருந்தே அடுத்த விஷயம் வருகிறது. பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் இதை யாரும் தெளிவாகச் சொல்வதில்லை என்பது என் ஆதங்கம். வங்கிகள் எம்பிஏ முடித்தவர்களை அசோசியேட்களாக எடுப்பது பெரும்பாலும் தங்களிடம் கோடையில் இன்டர்ன்ஷிப் செய்தவர்களிலிருந்துதான். கன்சல்டிங் நிறுவனங்கள் கோடையிலும் எடுக்கும், படிப்பு முடியும் தறுவாயில் நேரடியாகவும் எடுக்கும். ஆகவே கோடை இடைவெளி இல்லாத படிப்பு கன்சல்டிங்குக்கு ஒத்துவரும். புதிதாக வங்கிக்குள் நுழைய நினைப்பவருக்கு ஒத்துவராது.

ஃபோன்டன்ப்ளோவிலும் சிங்கப்பூரிலும் வளாகம் கொண்ட, 1957-ல் தொடங்கிய இன்சியட்டின் எம்பிஏ பத்து மாதம். அதன் வகுப்பில் ஏறக்குறைய பாதிப் பேர் கன்சல்டிங்குக்குப் போவது வழக்கம். ஹைதராபாத்தில் 2001-ல் முதல் வகுப்பைத் தொடங்கிய இந்தியன் ஸ்கூல் ஆஃப் பிசினஸும் (ஐஎஸ்பி), கெலாக் பேராசிரியர் பாலா பாலச்சந்திரன் 2004-ல் சென்னையில் நிறுவிய கிரேட் லேக்ஸின் முதன்மைப் படிப்பும் ஓராண்டு வகையே. கொலம்பியாவில்கூட ஜனவரியில் சேரும் பிரிவு ஒன்று உண்டு. கோடையிலும் வகுப்பு நடப்பதால் அதில் இன்டர்ன்ஷிப் கிடையாது. குடும்பத் தொழிலுக்கோ பழைய துறைக்கோ திரும்புகிறவர்களுக்கு ஏற்ற ஏற்பாடு அது. கொலம்பியா என்ற பெயரையும் நியூயார்க் என்ற முகவரியையும் பார்த்து, வங்கிக் கனவோடு அதில் சேர்வது தவறான ரயிலில் ஏறுவதுதான். ஒரு வருடம் மிச்சம், ஒரு வருடச் சம்பளம் லாபம் என்று கணக்குப் போட்டு ஓராண்டுப் படிப்பைத் தேர்கிறவர் அந்தக் கணக்கிலேயே பேங்கிங்கைத் தள்ளிவிட்டார். தெரிந்து தள்ளினால் தப்பில்லை.

அறிக்கையின் உள்ளே

ஒவ்வொரு பள்ளியும் ஆண்டுதோறும் வேலைவாய்ப்பு அறிக்கை வெளியிடுகிறது. அதைப் படிக்கும் முறை ஒன்று உண்டு. "நிதித் துறைக்கு மூன்றில் ஒரு பங்கினர்" என்று ஹார்வர்டும் சொல்லும், வார்ட்டனும் சொல்லும், கொலம்பியாவும் சொல்லும். ஹார்வர்டில் அந்தப் பங்கின் பெரும்பகுதி பிரைவேட் ஈக்விட்டி, வென்ச்சர் கேப்பிட்டல், ஹெட்ஜ் ஃபண்ட். அங்கே போகிறவர்களில் பெரும்பாலோர் எம்பிஏவுக்கு முன்பே அதே துறையில் இருந்தவர்கள். இன்வெஸ்ட்மென்ட் பேங்கிங் மட்டும் என்று பிரித்தால் எண்ணிக்கை சுருங்கிப்போகும். கொலம்பியாவிலும் ஸ்டெர்னிலும் சிகாகோவின் பூத் பள்ளியிலும் அந்தக் கூறு பெரிது. கன்சல்டிங் எண்ணிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. நிறுவனமே பணம் கட்டி அனுப்பி, முடிந்ததும் திரும்பிப் போகிறவர்கள் அதில் எத்தனை பேர் என்று பார்க்க வேண்டும். அவர்கள் வேலை தேடவேயில்லை. அவர்களை வைத்து நமக்குக் கிடைக்கும் வாய்ப்பை அளக்கக் கூடாது.

ரேங்கிங்கைப் பற்றி ஒரு வார்த்தை போதும். பிசினஸ்வீக் இதழ் 1988-ல் தன் முதல் பட்டியலை வெளியிட்டபோது முதலிடம் ஹார்வர்டுக்கோ ஸ்டான்ஃபோர்டுக்கோ போகவில்லை, கெலாக்குக்குப் போனது. ஃபைனான்ஷியல் டைம்ஸ் பட்டியல் சம்பளத்தை வாங்கும் திறனுக்கு ஏற்ப டாலராக மாற்றுவதால் இந்தியப் பள்ளிகளின் சம்பளம் அதில் நம்ப முடியாத உயரத்தில் தெரியும். அந்த டாலரை எந்த வங்கிக் கவுன்டரிலும் மாற்ற முடியாது.

பணத்தையும் பார்த்துவிடலாம். அமெரிக்காவில் பெரிய மூன்று கன்சல்டிங் நிறுவனங்கள் எம்பிஏ முடித்தவருக்குத் தரும் அடிப்படைச் சம்பளம் 2023 முதல் ஆண்டுக்குச் சுமார் 1,90,000 டாலர். பெரிய வங்கிகளின் முதலாண்டு அசோசியேட்டுக்கு அடிப்படை சுமார் 1,75,000. ஆனால் நல்ல ஆண்டில் அதன் மேல் வரும் போனஸ் கன்சல்டிங்கைத் தாண்டிப் போகும். அதற்கு விலை நேரம். கோல்ட்மேன் சாக்ஸின் 13 முதலாண்டு ஊழியர்கள் 2021-ல் தங்களுக்குள் எடுத்த கணக்கு வெளியே கசிந்தபோது, வாரத்துக்குச் சராசரி 95 மணி நேரம் என்று இருந்தது. 2024-ல் ஜேபிமார்கன் இளநிலை வங்கியாளர்களுக்கு வாரம் 80 மணி நேரம் என்று உச்சவரம்பு வைத்தது செய்தியாயிற்று. அதைச் சலுகையாகச் சொல்ல வேண்டிய நிலையில் அந்தத் தொழில் இருக்கிறது. கன்சல்டன்ட்டின் வாரம் அதை விடக் குறைவு, ஆனால் திங்கள்கிழமை விமானம் ஏறி வியாழன் இரவு வீடு திரும்பும் வாழ்க்கை.

ஐந்து வருடம் கழித்து என்ன என்பதில் ஒரு தவறான நம்பிக்கை பரவலாக இருக்கிறது: வங்கியில் இரண்டு வருடம் இருந்தால் பிரைவேட் ஈக்விட்டிக்குத் தாவிவிடலாம் என்று. அது இளங்கலை முடித்து அனலிஸ்ட்டாகச் சேர்ந்தவர்களின் பாதை. எம்பிஏவுக்குப் பிறகு முதன்முறையாக வங்கிக்குள் நுழைந்தவருக்கு அந்தப் பாதை குறுகல். அவர் வங்கியிலேயே மேலேறுவார், அல்லது ஒரு நிறுவனத்தில் பிற நிறுவனங்களை வாங்கும் பிரிவுக்குப் போவார். கன்சல்டிங்கிலிருந்து வெளியே போகும் வழிகள் அகலம். சுந்தர் பிச்சை வார்ட்டனில் 2002-ல் முடித்து மெக்கின்சியில் இருந்துவிட்டு 2004-ல் கூகுளுக்குப் போனார். இந்திரா நூயி சென்னையிலிருந்து ஐஐஎம் கல்கத்தா, அங்கிருந்து யேல், பிறகு ஆறு வருடம் பாஸ்டன் கன்சல்டிங் குரூப், அப்புறம் நிறுவனங்களின் வியூகப் பொறுப்புகள் வழியாக பெப்சிகோ என்று போனார். அவர் 1980-ல் பட்டம் வாங்கியபோது யேலின் மேலாண்மைப் பள்ளிக்கு வயது நான்கு. இப்படிப்பட்ட பெயர்களைப் பள்ளிகள் விளம்பரத்தில் போடுவதைப் பார்த்து மயங்க வேண்டாம். அந்தப் பாதை அகலம் என்பதற்கு மட்டுமே இவை சான்று.

ஆய்வுகள் சொல்வது

பள்ளியா, மாணவனா, காலமா, எது தீர்மானிக்கிறது? ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர் இருவரும் 2002-ல் வெளியிட்ட ஆய்வு இளங்கலைக் கல்லூரிகளைப் பற்றியது. ஒரே தகுதியும் ஒரே ஆசையும் கொண்ட இருவரில் ஒருவர் பெரிய கல்லூரிக்கும் மற்றவர் சற்றுக் குறைந்ததற்கும் போனால், பின்னாளைய வருமானத்தில் பெரும்பாலோருக்குப் பெரிய வித்தியாசமில்லை. ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் விலக்கு என்றது அது. பிசினஸ் ஸ்கூலுக்கு இதை அப்படியே பொருத்த முடியாது, ஏனென்றால் இங்கே ஆள் எடுப்பவரே வளாகப் பட்டியலோடு வருகிறார். ஆனால் பட்டியலுக்கு உள்ளே இருக்கும் இரண்டு பள்ளிகளுக்கு நடுவே தூக்கத்தைத் தொலைப்பவர்கள் இதை ஒருமுறை நினைத்துப்பார்க்கலாம்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது ஸ்டான்ஃபோர்ட் பேராசிரியர் பால் ஓயரின் 2008-ஆம் ஆண்டு ஆய்வு. ஸ்டான்ஃபோர்ட் எம்பிஏ மாணவர்களின் பல பத்தாண்டு வேலை வரலாற்றை அவர் எடுத்துப் பார்த்தார். படிக்கும் காலத்தில் பங்குச் சந்தை ஏறுமுகத்தில் இருந்த வகுப்புகளிலிருந்து அதிகம் பேர் வால் ஸ்ட்ரீட்டுக்குப் போனார்கள், அங்கேயே நிலைத்தும்விட்டார்கள். சந்தை சரிந்தபோது முடித்தவர்கள் வேறு பக்கம் போனார்கள், பிறகு திரும்பி வரவில்லை. ஒரே பள்ளி, ஒரே தரத்து மாணவர்கள். ஆயுட்கால வருமானத்தில் மில்லியன் டாலர் கணக்கில் வித்தியாசம். பலர் பிறவி வங்கியாளர்கள் அல்ல, காலம் ஆக்கிய வங்கியாளர்கள் என்று அவர் எழுதியது இரண்டுக்கும் நடுவே நிற்பவருக்கு நேரடியாகப் பொருந்தும். சேரும்போது எந்தத் தொழில் செழிக்கிறதோ, வெளியே வரும்போது அதே தொழில் செழிக்க வேண்டும் என்பதில்லை. 2008 செப்டம்பர் 15 அன்று லேமன் பிரதர்ஸ் திவாலானபோது வங்கிகள் ஆட்டம் கண்டன. 2023-24-ல் கன்சல்டிங் நிறுவனங்கள் ஆஃபர் கொடுத்தவர்களையே மாதக்கணக்கில் காத்திருக்க வைத்தன. ஹார்வர்டில் 2024-ல் முடித்து வேலை தேடியவர்களில் 23 சதவீதத்தினருக்கு மூன்று மாதம் கழிந்தும் வேலை அமையவில்லை. இரண்டாண்டுக்கு முன் அது 10 சதவீதமாக இருந்தது.

நட்பு வட்டத்தைப் பற்றியும் ஆய்வு உண்டு. ஹார்வர்டில் மாணவர்களை அதிர்ஷ்டக் குலுக்கல் போலவே செக்‌ஷன்களாகப் பிரிப்பார்கள். ஒரே செக்‌ஷனில் படித்தவர்கள் பிற்காலத்தில் நடத்திய நிறுவனங்கள் அதிகாரிகளின் சம்பளத்திலும் பிற நிறுவனங்களை வாங்குவதிலும் ஒன்றைப் போல ஒன்று நடந்துகொண்டதை ஆய்வாளர் கெல்லி ஷூ கண்டார். பழைய மாணவர் சந்திப்பு நடந்ததை ஒட்டி அந்த ஒற்றுமை இன்னும் கூடியது. பள்ளி விற்கும் 'நெட்வொர்க்' வெறும் பேச்சல்ல. அதன் மறுபக்கத்தையும் பார்த்திருக்கிறோம். கொழும்பில் பிறந்த தமிழரான ராஜ் ராஜரத்தினமும், மெக்கின்சியின் அனில் குமாரும் வார்ட்டனில் ஒரே வகுப்பு. ராஜரத்தினத்தின் ஹெட்ஜ் ஃபண்டான கேலியன், நிறுவனங்களின் ரகசியத் தகவலை வைத்துப் பங்கு வர்த்தகம் செய்த வழக்கில் குமார் குற்றத்தை ஒப்புக்கொண்டு சாட்சி சொன்னார். ராஜரத்தினத்துக்கு 2011-ல் 11 ஆண்டு சிறை. மெக்கின்சியின் முன்னாள் தலைவரும் கோல்ட்மேன் இயக்குநருமான ரஜத் குப்தா 2012-ல் தண்டிக்கப்பட்டார். ஐஎஸ்பி உருவாக முன்னின்றவர்களில் அவரும் குமாரும் உண்டு. கன்சல்டிங்கும் நிதியும் ஒரே நட்பு வட்டத்தில் சேர்ந்தால் என்னவெல்லாம் கைமாறும் என்பதற்கு அந்த வழக்கின் ஒலிப்பதிவுகளை விட வேறு பாடம் வேண்டாம்.

பெண்கள் தனியாகப் பார்க்க வேண்டிய ஆய்வு ஒன்று இருக்கிறது. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற கிளாடியா கோல்டின், மரியான் பெர்ட்ரான்ட், லாரன்ஸ் கட்ஸ் மூவரும் சிகாகோ எம்பிஏ முடித்தவர்களை ஆராய்ந்து 2010-ல் வெளியிட்டார்கள். ஆணும் பெண்ணும் ஏறத்தாழ ஒரே சம்பளத்தில் தொடங்குகிறார்கள். பத்து ஆண்டுகளைத் தாண்டும்போது இடைவெளி மிகப் பெரிதாகிறது. காரணங்களில் முக்கியமானவை வேலையில் விழும் இடைவெளி, வாரத்தில் உழைக்கும் மணி நேரம். சிறு இடைவெளிக்குக்கூட இந்தத் தொழில்கள் போடும் அபராதம் கடுமை. ஆகவே எந்த நிறுவனத்தின் எந்த அலுவலகத்தில் பெண்கள் மேல்நிலை வரை நீடித்திருக்கிறார்கள் என்று விசாரிப்பது எந்த ரேங்கிங்கை விடவும் பயன்தரும்.

இந்தியாவில் கணக்கு வேறு

ஐஐஎம் கல்கத்தாவும் அகமதாபாத்தும் 1961-ல் பிறந்தவை. முன்னதற்கு எம்ஐடியும் பின்னதற்கு ஹார்வர்டும் கைகொடுத்தன. பெங்களூர் 1973. கல்கத்தாவின் ஜோக்கா வளாகத்துக்கு 'ஃபைனான்ஸ் கேம்பஸ்' என்ற பெயர் நெடுநாளாக உண்டு. 2000-களில் லேமன், பார்க்லேஸ், டாய்ச்ச வங்கி எல்லாம் வந்து மாணவர்களை நேரே லண்டனுக்கும் ஹாங்காங்குக்கும் அள்ளிக்கொண்டு போயின. 2008-க்குப் பிறகு அந்த ஊற்று பெரும்பாலும் வற்றிவிட்டது. இன்று மூன்று பழைய ஐஐஎம்-களிலும் கன்சல்டிங்கே பெரிய விருந்தாளி. மும்பையில் பங்கு வெளியீடு, நிறுவன விற்பனை என்று உண்மையான பேங்கிங் வேலைக்கு வெளிநாட்டு வங்கிகளும் கோட்டக், ஆக்சிஸ் கேப்பிட்டல், ஜேஎம் ஃபைனான்ஷியல், அவென்டஸ் போன்றவையும் எடுக்கும் ஆட்கள் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்துக்கும் சிஏ முடித்தவர்கள் போட்டிக்கு நிற்பார்கள். பிளேஸ்மென்ட் அறிக்கையில் 'நிதித் துறை' என்று வருவதில் வங்கிகளின் பெங்களூரு, ஹைதராபாத் மையங்களில் நடக்கும் துணைப் பணிகளும், வங்கிக் கடன் பிரிவு வேலைகளும் கலந்திருக்கும்.

இங்கே கால அட்டவணை அமெரிக்காவை விடக் கொடூரம். ஜூனில் சேர்ந்தவருக்கு அக்டோபர், நவம்பரில் சம்மர் பிளேஸ்மென்ட். கன்சல்டிங் நிறுவனம் ஷார்ட்லிஸ்ட் போடும்போது முதல் பருவ மதிப்பெண்கூட முழுதாக வந்திருக்காது. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டப்படிப்பு மதிப்பெண்ணும், எங்கே பொறியியல் படித்தாய் என்பதும், 'ஸ்பைக்' என்று சொல்லப்படும் ஏதாவது தனிச்சாதனையும்தான் அளவுகோல். பதினைந்து வயதில் சமூக அறிவியலில் வாங்கிய மார்க் இருபத்து நான்கு வயதில் மெக்கின்சியின் பட்டியலைத் தீர்மானிப்பது அபத்தம்தான். ஆனால் அது நடப்பு. ஆகவே பத்தாம் வகுப்பில் சுமாராக இருந்து, பிறகு எழுந்து வந்த ஒருவருக்கு இந்தியப் பள்ளியை விட வெளிநாட்டுப் பள்ளி நியாயம் செய்யும். அங்கே அந்தப் பழைய மார்க்கை யாரும் கேட்பதில்லை. பள்ளி முதல் எல்லாவற்றிலும் தொண்ணூறு தாண்டியவருக்கு ஐஐஎம்-ஐ விட மலிவான கன்சல்டிங் வழி உலகத்திலேயே கிடையாது.

மலிவு என்பதை எண்ணில் பார்க்கலாம். அகமதாபாத்தின் இரண்டாண்டுக் கட்டணம் சுமார் 25 லட்சம் ரூபாய். நியூயார்க்கிலோ பாஸ்டனிலோ கட்டணமும் வாழ்க்கைச் செலவும் சேர்ந்து இரண்டு வருடத்துக்கு ஏறத்தாழ இரண்டரை லட்சம் டாலர், அதாவது 2 கோடி ரூபாய்க்கு மேல். அந்தக் கடனை டாலர் சம்பளத்தில் மூன்று நான்கு வருடத்தில் அடைத்துவிடலாம். ரூபாய்ச் சம்பளத்தில் அது சொத்துக்கு உலை வைக்கும். எனவே அங்கேயே தங்கி வேலை செய்ய முடியுமா என்பதுதான் கடனின் அடிப்படை. படிப்பு முடிந்த பின் மாணவர் விசாவிலேயே வேலை செய்ய ஓராண்டு உண்டு. எம்பிஏ அறிவியல்-தொழில்நுட்ப வகைப்பாட்டில் இருந்தால் மேலும் இரண்டாண்டு. ஆண்டுக்கு 85,000 என்ற எச்1பி வேலை விசாக் குலுக்கலில் ஒருமுறைக்குப் பதில் மூன்று முறை பெயர் போட அது உதவும். 2025 செப்டம்பரில் புதிய எச்1பி விண்ணப்பங்களுக்கு 1 லட்சம் டாலர் கட்டணம் அறிவிக்கப்பட்டு, அங்கேயே படித்து விசா மாறுகிறவர்களுக்கு அது பொருந்தாது என்று பின்னர் விளக்கம் வந்தது. விதி எப்போது வேண்டுமானாலும் மாறும் என்ற பயத்தையும் வட்டியோடு சேர்த்துக் கட்ட வேண்டியிருக்கிறது. குலுக்கலில் விழாத ஊழியரை லண்டனுக்கோ டொரண்டோவுக்கோ மாற்றிவைக்கும் வசதி பெரிய கன்சல்டிங் நிறுவனங்களுக்கும் பெரிய வங்கிகளுக்கும் உண்டு. சிறிய வங்கிகளுக்குப் பெரும்பாலும் இல்லை.

இத்தனையும் பார்த்த பிறகு, நடுவே நிற்பவருக்கு நான் எதைச் சொல்வேன்? அமெரிக்கா என்றால் பூத், கொலம்பியாவின் ஆகஸ்ட் பிரிவு, வார்ட்டன்: இரண்டாண்டு, இரண்டு தொழிலுக்கும் கணிசமான பங்கு, ஒன்றில் வழுக்கினால் மற்றதற்கு ஆள் பலம். சிகாகோவில் வங்கி அலுவலகங்களும் உண்டு, மூன்று பெரிய கன்சல்டிங் நிறுவனங்களும் உண்டு. கன்சல்டிங் பக்கம் மனம் எழுபது சதவீதம் சாய்ந்திருந்தால் கெலாக், டக், இன்சியட். பேங்கிங் பக்கம் அதே அளவு சாய்ந்து, பெரிய பள்ளி எதுவும் கிடைக்காவிட்டால், பட்டியலில் கீழே இருக்கும் ஸ்டெர்ன், அதற்கு மேலே இருக்கும் தொலைதூரப் பள்ளிகள் பலவற்றை விட மேல். இந்தியாவில் மூன்று பழைய ஐஐஎம்-களில் எது கிடைத்தாலும் தொழில் என்ற கோணத்தில் வித்தியாசம் மெல்லியது. ஊரும் உணவும் வெயிலும் வைத்துத் தேர்ந்துகொள்ளலாம்.

முன்பணம் கட்டுவதற்கு முன் ஒரு தொலைபேசி அழைப்புக்கு நேரம் ஒதுக்கலாம். பள்ளியின் அலுவலகம் அறிமுகப்படுத்தும் மாணவர்கள் எல்லோரும் ஜெயித்தவர்கள். அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள அதிகம் இல்லை. வங்கிக்கும் கன்சல்டிங்குக்கும் விண்ணப்பித்து ஜனவரியில் இரண்டிலுமே கிடைக்காமல் போன ஒருவரைத் தேடிப்பிடிக்க வேண்டும். எல்லா வளாகத்திலும் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள், கேட்டால் பேசவும் செய்வார்கள். பிப்ரவரியில் பள்ளி அவருக்கு என்ன செய்தது, மார்ச்சில் யார் கூப்பிட்டார்கள், அந்தக் கோடையில் அவர் எங்கே உட்கார்ந்து வேலை பார்த்தார், எவ்வளவு சம்பளம் என்று கேட்க வேண்டும்.